பழைய லேப்டாப்: சர்வீஸுக்கா, எக்ஸ்சேஞ்சுக்கா?

லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது என்று யாராவது சொன்னால், அதில் எந்தப் பாகத்துக்கு வயதாகிவிட்டது என்று திருப்பிக் கேளுங்கள். பேட்டரி மூன்று நான்கு வருடத்தில் தளர்ந்துவிடும். ஹார்ட்டிஸ்க் சிலருக்கு மூன்று வருடம், சிலருக்குப் பத்து வருடம் ஓடும். கீபோர்டும் ஹிஞ்சும் வைத்திருக்கிற ஆளின் கையைப் பொறுத்தது. பிராசசர் பெரும்பாலும் கெடுவதே இல்லை. அதற்கான சாஃப்ட்வேர்தான் அதை விட்டுவிட்டு முன்னால் போய்விடும். ஆகவே ‘ஏழு வருஷத்து மெஷின்’ என்ற ஒரே காரணத்துக்காக எதையும் தூக்கிப் போட வேண்டாம். வாங்கிய விலையை நினைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் செலவு செய்துகொண்டே இருப்பதும் கூடாது. இரண்டு தவறும் மதுரையில் தினமும் நடக்கிறது.

இந்தக் கேள்வி நம் வட்டாரத்தில் இத்தனை வீடுகளில் எழுவதற்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியும் ஒரு காரணம். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம். எல்காட் என்ற அரசு நிறுவனம் கொள்முதல் செய்து கொடுத்தது. கொரோனா காலத்தோடு நின்றுபோனது. அதற்குள் தமிழ்நாடு முழுக்க ஏறக்குறைய அரைக் கோடி மெஷின் கைமாறிவிட்டது. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும் அக்கா படித்து முடித்து, தம்பி ஆன்லைன் வகுப்பு பார்த்து, இப்போது அப்பாவின் கடையில் பில் போட்டுக்கொண்டிருக்கிற லேப்டாப்புகள் நிறைய உண்டு. இப்போது கல்லூரி மாணவர்களுக்கு மறுபடி கொடுக்கிறார்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்குப் புதுசு வரப்போகிறது என்றால், பழசுக்கு டிஸ்ப்ளே மாற்றுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

எந்த வேலைக்கு?

டிஎன்பிஎஸ்சி மாதிரித் தேர்வு எழுதுவது, யூடியூபில் பாடம் கேட்பது, வேர்டில் பயோடேட்டா அடிப்பது, அரசு இணையதளங்களில் விண்ணப்பம் போடுவது: இந்த வேலைகளுக்குப் பத்து வருடத்துப் பிராசசர்கூடப் போதும். டேலியில் கணக்கு எழுதும் சின்னக் கடைக்கும் அப்படித்தான். ஆனால் கல்யாண வீடியோ எடிட் செய்பவர், ஆட்டோகேட் படிக்கும் சிவில் மாணவி, இலந்தைகுளத்து ஐடி பார்க்கில் சேரப்போகிறேன் என்று வீட்டிலேயே புரோகிராமிங் பழகுகிற பையன், இவர்களுக்கு அதே மெஷின் இடைஞ்சல். இவர்கள் பழைய லேப்டாப்பில் போடுகிற ஒவ்வொரு ரூபாயும் புதுசு வாங்குவதைத் தள்ளிப்போடுவதற்கான வட்டி. வேலை மாறிவிட்டதா என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், பாதிக் குழப்பம் கடைக்குப் போகும் முன்பே தீர்ந்துவிடும்.

‘ஸ்லோவா இருக்கு’

கடைக்கு வருகிற புகார்களில் இதுதான் அதிகம். பெரும்பாலும் மிகச் சுலபமாகத் தீர்வதும் இதுதான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, டிஸ்க் என்ற கட்டத்தைப் பாருங்கள். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே அது 100 சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தால், குற்றவாளி பிராசசர் இல்லை, ஹார்ட்டிஸ்க். சுழலும் தட்டில் ஊசி நகர்ந்து நகர்ந்து தேடுகிற அந்தப் பழைய ஹார்ட்டிஸ்கால் ஒரு நொடிக்கு நூறு சொச்சம் இடங்களைத்தான் தொட்டு எடுக்க முடியும். சாதாரண எஸ்எஸ்டி அதே நொடியில் பல்லாயிரம் இடங்களைத் தொடும். விண்டோஸ் ஆன் ஆகிற ஐந்து நிமிடம் அரை நிமிடமாகச் சுருங்குவது இதனால்தான். அரசு கொடுத்த மெஷின்கள் ஹார்ட்டிஸ்கோடு வந்தவை. அவற்றில் போர்டு நன்றாக இருந்தால், எஸ்எஸ்டி போட்டுப் பார்க்காமல் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்காதீர்கள்.

ராம் அடுத்தது. 4 ஜிபி வைத்துக்கொண்டு குரோமில் பத்து டேப் திறந்தால் எந்த மெஷினும் திணறும். 8 ஆக்கினால் சாதாரண வேலைக்கு நிம்மதி. ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். மெலிசான மாடல்கள் பலவற்றில் ராம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது. இன்னொன்று விலை. 2025 கடைசியிலிருந்து ராம் விலை கண்டபடி ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கான மெமரி பக்கம் கம்பெனிகள் தங்கள் உற்பத்தியைத் திருப்பியதுதான் காரணம். குருஷியல் என்ற பெயரில் நாம் கடையில் வாங்கிக்கொண்டிருந்த ராம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மைக்ரான் நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. போன வருடம் நண்பர் சொன்ன விலையை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள். அன்றைக்கு அன்றைக்கு விலை கேளுங்கள். வீட்டில் ஓடாமல் கிடக்கிற லேப்டாப்பைக் கழிப்பதற்கு முன் அதிலிருக்கும் ராமைக் கழற்றச் சொல்லுங்கள். டிடிஆர்3, டிடிஆர்4 என்று வகை ஒத்துப்போனால் இன்னொன்றுக்கு ஆகும்.

வெயில், பஞ்சு, பேட்டரி

மதுரை வெயில் பேட்டரிக்கு எமன். லித்தியம் பேட்டரியை முழுச் சார்ஜில் 25 டிகிரியில் ஒரு வருடம் வைத்தால் ஏறக்குறைய 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும். அதையே 40 டிகிரியில் வைத்தால் 65 சதவீதம்தான். பாதிச் சார்ஜுக்குக் கீழே வைத்திருந்தால் அதே 40 டிகிரியிலும் 85 சதவீதம் நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கொட்டகைக் கடையில் நாள் முழுக்கச் சார்ஜரிலேயே செருகிக் கிடக்கிற லேப்டாப்பின் பேட்டரி இரண்டே வருடத்தில் ‘பேக்கப் நிக்கல’ என்று ஆவதில் ஆச்சரியமில்லை. மெஷின் நின்ற இடத்தைக் குறை சொல்ல வேண்டியதற்கு மெஷினையே குறை சொல்கிறோம். 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்துகிற வசதி பல கம்பெனி மாடல்களில் உண்டு. அதைப் போட்டு வையுங்கள்.

விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். கடைக்காரரிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் எடுத்துக் காட்டுவார். டிசைன் கெபாசிட்டி என்று ஒரு எண் இருக்கும், ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்று ஒரு எண் இருக்கும். இரண்டாவது முதலாவதில் பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்றலாம். எப்போதும் கரண்டில்தான் வேலை, கடையில் யுபிஎஸ் இருக்கிறது என்றால் மாற்றாமலும் காலம் ஓட்டலாம். ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது: டச்பேட் மேலே எழும்பி நிற்கிறது, கீழ் மூடி பிளந்து தெரிகிறது என்றால் பேட்டரி உப்பிவிட்டது. அப்போது சார்ஜ் போடாதீர்கள், அழுத்திப் பார்க்காதீர்கள், குத்திப் பார்க்கவே பார்க்காதீர்கள். அன்றைக்கே கடைக்கு.

அடுத்து ஃபேன். செல்லூர்ப் பக்கம் தறி ஓடுகிற வீடுகளிலிருந்து வரும் லேப்டாப்பைக் கழற்றினால், ஹீட் சிங்க் துடுப்புகளின் வாயில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். முதலில் பார்த்தால் உள்ளே ஏதோ ஃபெல்ட் துணி வைத்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று தோன்றும். பஞ்சு, துரும்பு துரும்பாகப் போய் அமுங்கி அப்படி ஆகிவிட்டது. சின்ன இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்தால் முழுசாக உரிந்து வரும். மேலூர் பக்கம் கிரானைட் தூசி வேறு விதம். அது மாவாகப் படிந்து ஃபேன் பேரிங்கைத் தின்னும். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான்: சூடு வெளியே போகவில்லை, பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, சொந்தக்காரர் ‘பழசாயிருச்சு’ என்கிறார். ஃபேனைச் சுத்தம் செய்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதுசு தடவினால் மறுபடி பழைய வேகம். இது முடிவெடுக்க வேண்டிய செலவே இல்லை. வெயில் காலத்துக்கு முன் வருடம் ஒரு முறை செய்ய வேண்டிய பராமரிப்பு.

ஹிஞ்ச் உடைவதையும் இங்கேயே சொல்லிவிடலாம். மூடியைத் திறக்கும்போது ‘டக்’ என்று ஓர் ஓரம் தூக்கினால், உள்ளே பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை நட்டு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது என்று பொருள். ஆரம்பத்திலேயே வந்தால் பசை வைத்து நிறுத்திவிடுவார்கள். ‘ஓடுற வரைக்கும் ஓடட்டும்’ என்று விட்டால் டிஸ்ப்ளே கேபிள் அறுந்து, கடைசியில் டிஸ்ப்ளேயும் போகும்.

‘போர்டு போயிருச்சுண்ணே’

இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் பலர் லேப்டாப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். போர்டு போவதில் பத்து விதம் உண்டு.

சிப் லெவல் வேலை தெரிந்தவர் என்ன செய்கிறார் என்று ஒரு முறை பக்கத்தில் நின்று பாருங்கள். அடாப்டரைச் செருக மாட்டார். மேஜையில் இருக்கும் டிசி பவர் சப்ளையில் போர்டை இணைத்து, அது எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்ப்பார். முள் அசையவே இல்லையென்றால் கரண்ட் உள்ளேயே வரவில்லை: சார்ஜிங் பின், முதல் மாஸ்ஃபெட், இப்படி வாசலிலேயே கோளாறு. செருகியவுடன் சப்ளை ‘ஷார்ட்’ காட்டினால், மீட்டரை வைத்து எந்த லைன் என்று தேடுவார். 19 வோல்ட் வருகிற பிரதான லைனில் ஷார்ட் என்றால் பல நேரம் கடுகளவு கெபாசிட்டர் ஒன்றுதான் காரணமாக இருக்கும். போர்டின் மேல் ரோசின் புகையைப் படியவிட்டு, கொஞ்சமாக வோல்டேஜ் கொடுப்பார். வெள்ளையாகப் படிந்த படலத்தில் ஒரே ஓர் இடம் உருகித் தெளியும். அந்த கெபாசிட்டரை எடுத்ததும் ஷார்ட் போய்விடும். இந்த வேலைக்குக் கூலி கொடுப்பது லாபம்.

பிராசசருக்குப் போகும் லைனே பிராசசருக்குள் ஷார்ட் என்றால் கதை வேறு. பெரும்பாலான லேப்டாப்பில் பிராசசர் போர்டோடு சால்டர் ஆனது. அதை மாற்றுவதும் போர்டையே மாற்றுவதும் ஏறத்தாழ ஒரே செலவு. கிராபிக்ஸ் சிப்பைச் சூடு காட்டி ‘ரீபால் பண்ணித் தர்றேன்’ என்றால் எத்தனை மாதம் உத்தரவாதம் என்று கேளுங்கள். உத்தரவாதம் இல்லையென்றால் வேண்டாம். இந்த வைத்தியம் நிலைப்பது அபூர்வம் என்பது என் கருத்து.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “எந்த லைன்ல ஷார்ட்ண்ணே?” பதில் சொல்கிறவர் பார்த்திருக்கிறார். “அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க, போர்டு மாத்தணும்” என்கிறவர் அநேகமாகத் திறந்தே பார்க்கவில்லை. செக்கிங் சார்ஜைக் கொடுத்துவிட்டு இன்னொரு கடை பாருங்கள்.

தண்ணீர், டீ, ஜிகர்தண்டா கொட்டினால் உடனே அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கவிழ்த்து வையுங்கள். அரிசிப் பானைக்குள் வைப்பதால் பயன் ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீரைவிடப் பாலும் நன்னாரி சர்பத்தும் மோசம். காய்ந்த பிறகும் பிசுபிசுப்பு போர்டிலேயே உட்கார்ந்து செம்பை அரித்துக்கொண்டிருக்கும். ‘காய வச்சேன், ஆன் ஆயிருச்சு’ என்று சந்தோஷப்பட்டவர்கள் இரண்டு மாதம் கழித்து வருவது இதனால்தான். ஆன் ஆனாலும் கழற்றிக் கழுவ வேண்டும்.

வீட்டு வயரிங்கையும் பாருங்கள். மூணு பின் அடாப்டரை ரெண்டு பின் கன்வெர்ட்டரில் செருகி, லேப்டாப்பின் இரும்பு ஓரத்தில் கை வைத்தால் ‘சுர்ர்’ என்று இழுக்கிறதா? எர்த் இல்லை. இந்த நிலையில் போர்டு சரிசெய்து எடுத்துக்கொண்டு போய் அதே பிளக்கில் செருகினால், திரும்பக் கடைக்கு வர வேண்டி நேரலாம்.

விண்டோஸ் 10 போட்ட கெடு

மெஷின் நன்றாக ஓடும்போதே அதை முதுமைக்குத் தள்ளியது இது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக்காரர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும்; இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை, ஏஎம்டி லேப்டாப் என்றால் ரைசன் 3000 வரிசை தொடங்கித்தான் பட்டியலில் உண்டு. தலைமுறையைக் கண்டுபிடிப்பது எளிது. ஐ5-8250யு என்றால் கோட்டுக்குப் பின் வரும் 8 தான் தலைமுறை. ஐ5-10210யு என்றால் பத்து. ஐ5-7200யு வைத்திருப்பவர் ஒரே ஒரு தலைமுறையில் வெளியே நிற்கிறார். எரிச்சல் வருவது நியாயம்தான்.

சுற்று வழியில் விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகக் கடைகளில் சொல்வார்கள். ஓடும். ஆனால் அப்டேட் வருவதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது. வங்கி வேலையும் ஜிஎஸ்டி வேலையும் நடக்கிற கடை மெஷினில் அதை நான் சொல்ல மாட்டேன். படிக்கிற பிள்ளையின் மெஷின் என்றால் லினக்ஸ் மின்ட் போடலாம். அரசு மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. அதை மத்திய அரசின் சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ஃபார்மட் அடித்துவிட்டார்கள். பிரவுசர், தமிழ் டைப்பிங், பிடிஎஃப், ஆபீஸ் வேலை எல்லாம் லினக்ஸில் நடக்கும். டேலியும், டிஜிட்டல் கையெழுத்து டாங்கிளும் தான் தகராறு செய்யும். அவை வேண்டும் என்றால் லினக்ஸ் பேச்சை விட்டுவிடுங்கள்.

கணக்கு

ரிப்பேர் செலவைப் புது லேப்டாப் விலையோடு ஒப்பிடுவதுதான் எல்லோரும் செய்வது. அப்படிப் பார்த்தால் எந்த ரிப்பேரும் மலிவாகத்தான் தெரியும். உங்கள் மாடலே ஓடுகிற நிலையில் செகண்ட் ஹேண்டில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். ரிப்பேர் அதில் பாதியைத் தாண்டினால் யோசிக்க வேண்டும்; முக்கால்வாசியைத் தாண்டினால் விட்டுவிட வேண்டும். பாதியிலேயே விட்டுவிடச் சொல்லாததற்குக் காரணம், உங்கள் மெஷினின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும், செகண்ட் ஹேண்டின் சரித்திரம் விற்கிறவருக்குத்தான் தெரியும்.

பிறகு மாதக் கணக்கு. ஒரு பேச்சுக்கு, ரிப்பேர் 6,000 ரூபாய், இந்த வருடமே பேட்டரிக்கு 2,500 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8,500. மெஷின் இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்றால் மாதம் சுமார் 354 ரூபாய். புதுசு 42,000, ஆறு வருடம் ஓடும் என்றால் மாதம் 583. ரிப்பேரே மேல். ஆனால் பழசு ஒரு வருடம்தான் தாங்கும் என்றால் மாதம் 708 ஆகிவிடும், புதுசு ஜெயித்துவிடும். எல்லாம் ‘இன்னும் எத்தனை நாள்’ என்ற ஓர் எண்ணில் நிற்கிறது. போர்டு தண்ணீர் பார்த்ததா, ஹிஞ்ச் ஆடுகிறதா, விண்டோஸ் 11 ஏறுமா என்று இவ்வளவு நேரம் பார்த்ததெல்லாம் அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளத்தான்.

கொடுப்பதற்கு முன்

ஆன் ஆகிற மெஷின் என்றால், கடைக்குக் கொடுக்கும் முன்பே போட்டோ, சான்றிதழ் ஸ்கேன், டேலி டேட்டா எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். ஆன் ஆகாத மெஷின் என்றால் ‘ஃபார்மட் அடிக்கக் கூடாது’ என்று ஜாப் கார்டிலேயே எழுதி வாங்குங்கள். ராம் எத்தனை ஜிபி, எஸ்எஸ்டி எந்தக் கம்பெனி என்பதும் அதில் இருக்கட்டும். மாற்றிய பாகம் புதுசா, கழற்றிப் போட்டதா, கம்பெனி பேட்டரியா, கம்பேட்டிபிளா என்று கேட்டு, பில்லில் வாரண்டியோடு எழுதச் சொல்லுங்கள். பில் இருந்தால்தான் தகராறு வரும்போது 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் பேச வாய் வரும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வரி: கம்பெனிகள் லீஸ் முடிந்து கழிக்கிற பிசினஸ் மாடல்களைத் தேடுங்கள், அவற்றைக் கழற்றுவதும் சுலபம், பாகமும் கிடைக்கும். பயோஸ் பாஸ்வேர்டு போட்டிருக்கிறதா என்று கடையிலேயே ஆன் செய்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

விட்டுவிடுவது என்று முடிவானால், எக்ஸ்சேஞ்சோ பழைய இரும்புக் கடையோ, டிஸ்கைக் கழற்றாமல் கொடுக்காதீர்கள். ஆதார் நகலும் பாஸ்புக் போட்டோவும் அதில்தான் இருக்கும். டெலீட் அடித்தது அழிந்ததாகாது. ஓடுகிற எஸ்எஸ்டியை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டால் பெரிய பென் டிரைவ் கிடைத்த மாதிரி. செத்த ஹார்ட்டிஸ்கின் தட்டில் டிரில் போட்டுவிடலாம். எஸ்எஸ்டி என்றால் உள்ளே இருக்கும் சிப்புகளையே உடைக்க வேண்டும். உப்பிய பேட்டரியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் குப்பை வண்டியில் போட வேண்டாம், நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்னணுக் கழிவுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிற விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம்தான் பழைய லேப்டாப் போய்ச் சேர வேண்டும். மொத்தமாகச் சேர்த்து அப்படி அனுப்புகிற சர்வீஸ் கடைகளும் உண்டு. ரிப்பேருக்குக் கடை தேடும்போதே இதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.